எந்த சப்வூஃபர் சிறந்தது? அடுக்குமாடி வீடுகளில் பிராண்டு மட்டுமே விடையாகாது

பெங்களூரு: வீட்டில் இசை கேட்பதற்காக சப்வூஃபர் வாங்குவோர் முதலில் ஒப்பிடுவது பிராண்டையும் வாட் அளவையும்தான். ஆனால், பெங்களூரு போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஒருவர் வீட்டின் தளம் மற்றொருவர் வீட்டின் கூரையாக இருக்கிறது. அங்கு அறையின் அளவையும் ஒலி மாசு விதிகளையும் சேர்த்தே இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டியுள்ளது.

பெட்டியில் உள்ள வேறுபாடு

அமெரிக்காவின் எஸ்விஎஸ் நிறுவனம் தயாரிக்கும் எஸ்பி-1000 ப்ரோ, பிபி-1000 ப்ரோ ஆகிய இரண்டிலும் 12 அங்குல ஒலிபெருக்கியும் 325 வாட் ஆம்ப்ளிஃபயரும் உள்ளன. முன்னது முற்றிலும் மூடிய சிறிய பெட்டி. பின்னது காற்றுத்துளை கொண்ட பெரிய பெட்டி என்பதால், மிகத் தாழ்ந்த ஒலிகளைக் கூடுதல் வலுவுடன் எழுப்பும். அதாவது, ஒரே பிராண்டு, ஒரே வாட் அளவு என்றாலும் பயன் வேறுபடுகிறது. திரைப்படம் பார்க்கப் பெரிய பெட்டி உதவலாம். சிறிய அறையில் இசை கேட்க மூடிய பெட்டியே போதுமானது.

பிரிட்டனின் ரெல் நிறுவனம் வேறு வழியைப் பின்பற்றுகிறது. அதன் டி/5எக்ஸ் மாடலில் 8 அங்குல ஒலிபெருக்கியும் 125 வாட் திறனுமே உள்ளன. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இது சிக்னலைப் பெற முடியும். எனவே, சப்வூஃபருக்கெனத் தனி இணைப்பு இல்லாத பழைய ஸ்டீரியோ வைத்திருப்போருக்கு இது பொருந்தும்.

அறையின் கணக்கு

12 அடி நீள அறையில், சுமார் 47 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே இயல்பைவிட வலுப்பெறும். வழக்கமான பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆகவே அதன் ஓரிரு சுரங்கள் மட்டும் முழங்கி, மற்றவை அமுங்கும். விலை உயர்ந்த கருவியும் இதற்கு விலக்கல்ல. பெட்டியை மூலையிலிருந்து சற்று நகர்த்திப் பார்ப்பதே செலவில்லாத முதல் தீர்வு.

விதி கேட்காத ஒலி

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிகளுக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். தனியார் இடத்தின் எல்லையில், சொந்த இசைக் கருவியின் ஒலி இந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது.

சிக்கல் அளவிடும் முறையில் உள்ளது. விதிகள் பயன்படுத்தும் 'ஏ' அளவுகோல், தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடும். 50 ஹெர்ட்ஸில் இக்குறைப்பு சுமார் 30 டெசிபல். 75 டெசிபல் அளவிலான பேஸ் ஒலி, கருவியில் 45 ஆகவே பதிவாகும். கீழ்வீட்டில் ஜன்னல் அதிர்ந்தாலும், புகார் நிற்காமல் போகலாம்.

டென்மார்க்கில் 10 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்கு, வீட்டின் உட்புறத்தில் அளவிடும் தனிப் பரிந்துரை வரம்பு 1997 முதல் உள்ளது. இந்திய விதிகளில் அத்தகைய தனி வரம்பு இல்லை.

எனவே, தற்போதைக்குப் பொறுப்பு வாங்குபவரிடமே உள்ளது. மூடிய பெட்டி, அதிர்வு தாங்கும் ரப்பர் கால்கள், குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் குறைக்கும் வசதி ஆகியவற்றை வாட் அளவுக்கு முன்பாகப் பார்ப்பது நல்லது. வாங்கிய பின், ஒருமுறை கீழ்வீட்டில் நின்று கேட்டுப் பார்ப்பது அதனினும் நல்லது.