கருவி வந்தது, கதவு திறந்ததா?

டிஜிட்டல் கல்வி வந்துவிட்டதாம். இனி கல்லூரி விஞ்ஞானப் படிப்பில் ஏழை, பணக்காரன் என்ற பேதமே இராதாம். ஆளவந்தார்கள் மேடைக்கு மேடை தம்பட்டம் அடிக்கிறார்கள். உண்மை என்ன?

2017இல் மத்திய சர்க்கார் ‘ஸ்வயம்’ பாடங்களைத் தொடங்கியது. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை இதன் மூலமே படிக்கலாம் என்று 2021இல் யு.ஜி.சி. விதி செய்தது. பாடம் இலவசம், சான்றிதழுக்கான பரீட்சைக்கோ பணம்! அந்தப் பாடத்தைப் பார்க்க வீட்டில் என்ன இருக்கிறது? சர்க்காரின் சொந்த சர்வேயே (2017-18) சொன்னது: கிராமக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திடம்தான் கம்ப்யூட்டர் இருந்தது. பிறகு செல்போன் பெருகியது உண்மை. ஆனால் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே போன் உள்ள வீட்டில், உள்ளங்கை அகலத் திரையில் பௌதிகம் படிக்க முடியுமா?

அப்படியானால் நாம் கருவிகளின் விரோதிகளா? ஒருபோதும் இல்லை!

அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைசல் இளஞ்சிவப்பாகும் கணத்தைக் கண்டுபிடிப்பது ரசாயனத்தின் அரிச்சுவடி. பார்வையற்ற மாணவி இதை எப்படிச் செய்வாள்? ‘உனக்கு விஞ்ஞானம் எதற்கு?’ என்று திருப்பி அனுப்புவது பழைய வழக்கம். இன்றோ அமிலத்தன்மையை அளந்து குரலில் சொல்லும் கருவி உண்டு. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் சமன்பாடுகளை வெறும் படமாக ஒட்டிவைத்த பாடத்தின் முன்னால் அது ஊமையாகிவிடும். வீடியோவில் ‘இதோ, இதைப் பாருங்கள்’ என்று விரல் நீட்டினால் பார்வையற்றவருக்கு என்ன பயன்? பேச்சை எழுத்தில் காட்டாவிட்டால் காது கேளாதவருக்கு என்ன பயன்? ஆங்கிலத்திலேயே ஓடினால் தமிழ்வழி மாணவருக்கு என்ன பயன்?

குற்றம் கருவியுடையதல்ல, அதை ஆள்வோருடையது. பாடத்தைத் திருத்தி, கருவியைப் பழக்கி, சந்தேகம் தீர்க்க ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் இடங்களைக் காலியாக வைத்து, தொகுப்பூதிய கௌரவ விரிவுரையாளர்களின் முதுகில் சுமையேற்றிவிட்டு, வீடியோவைக் காட்டி ‘சமத்துவம்’ என்பது பித்தலாட்டம்! திரைச் சோதனை பயிற்சிக்கு நல்லது. ஆனால் பியூரெட்டையே கையில் பிடிக்காதவனை விஞ்ஞானப் பட்டதாரி என்பது அவனையே ஏமாற்றுவதாகும்.

டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆவது ஷரத்து அளிக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. நாம் பிச்சை கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறோம்:

1. பொதுப் பணத்தில் தயாராகும் ஒவ்வொரு பாடமும் பார்வையற்றவரும், காது கேளாதவரும், தமிழ்வழி மாணவரும் படிக்கும்படி அமைய வேண்டும்.

2. பரீட்சைக் கட்டணம் ஒழிய வேண்டும்.

3. மாணவர் விடுதிகள்தோறும் கம்ப்யூட்டரும் இணைய வசதியும் வேண்டும்.

4. காலியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். சோதனைச்சாலைகளைப் புதுப்பிக்க வேண்டும்.

மாணவர்களே, ஆசிரியர்களே! விஞ்ஞானம் உழைக்கும் மக்களின் சொத்து. அதன் கதவு தானே திறக்காது. ஒன்றுபட்டுத் தள்ளுவோம்!