பனிமலையும் ஏரி அளவுக்கல்லும்

தர்மபுரி ஜில்லாவில் பனிமலை கிடையாது. ஆயினும், பனிமலை நாட்டார் தம் மலைமேல் உறைந்து கிடக்கும் நீரைக் கணக்கிடும் விதத்தை நம் ஏரிப் பாசனக்காரரும் கிராம உத்தியோகஸ்தரும் அறிந்திருத்தல் நலம். அங்குள்ள தொல்லையும் இங்குள்ள தொல்லையும் ஒன்றே.

குளிர்காலத்தில் மலையில் படிந்த பனி, கோடையில் உருகி ஆறாக வருகிறது. அமெரிக்காவில் நெவாடா மாகாணத்தில் லத்தீன் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் சர்ச் என்பார், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பனியில் ஒரு குழாயை இறக்கி, அதில் அடைபட்டதை நிறுத்து நீர்க்கணக்குப் பார்த்தார். நிறுப்பானேன்? புதிதாய்ப் பெய்த பனி 10 அங்குலம் உருகினால் சுமார் 1 அங்குல நீரே கிடைக்கும். நாட்பட்டு இறுகிய பனியோ 3 அல்லது 4 அங்குலம் தரும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெண்மை.

1980-களில் ஐதராபாத்துத் தொலை உணர்வு நிலையத்தார் சட்லெஜ் நதியின் பனிப்பரப்பைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து, பக்ரா அணைக்கு வரும் நீரை முன்கூட்டி மதிப்பிட்டனர். இக்காலத்தில் எந்திரக் கற்றல் என்னும் கணிப்பொறி முறையும் சேர்ந்துள்ளது. பல ஆண்டுப் படங்களையும், அதே நாட்களில் தரையில் எடுத்த அளவுகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்தால், அவற்றின் தொடர்பை எந்திரம் கண்டுகொள்கிறது. பிறகு படத்தை மட்டும் பார்த்தே அளவு சொல்லுகிறது. நீர் எந்தப் படியில் நிற்கிறதென்று கண்டவுடனே இத்தனை நாள் பாயுமென்று சொல்லும் மடைக்காரப் பெரியவரின் அனுபவம் போன்றதே இது. அவரை வேற்றூர் ஏரிக்கரையில் நிறுத்தினால் திகைப்பார், எந்திரமும் அவ்வாறே.

இனி நம் ஏரிக்கு வருவோம். சென்டினல்-2 என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள் நிலத்தை 10 மீட்டர்ச் சதுரங்களாகப் படம் பிடிக்கின்றன. ஒரு சதுரம் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஆகவே பாலக்கோடு, அரூர்ப் பக்கத்துச் சிற்றேரிகளின் நீர்ப்பரப்பும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மேகம் மறைத்தால் ராடார்ச் செயற்கைக்கோள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஆனால் ஆகாயத்தாமரை மூடிய நீரும் கருவேல் மண்டிய கரையோரமும் இரண்டையும் ஏமாற்றிவிடும். (ஏரிப் புறம்போக்கில் பயிரேற்றியவர்கள் இப்படங்களைப் பற்றிக் கேட்டாலே கலங்குவர், அது வேறு விஷயம்.)

இதனினும் பெரிய குறை ஆழம். 10 ஏக்கர் நீர்ப்பரப்பு சராசரி 2 மீட்டர் ஆழமிருப்பின் சுமார் 81,000 கன மீட்டர் நீர் உண்டு; வண்டல் ஏறி ஆழம் 1 மீட்டராயின் பாதியே உண்டு. வானத்துப் படத்தில் இரண்டு ஏரிகளும் ஒன்றே. பரப்பை நம்பித் தை மாதத்தில் நெல் நட்டவர், பங்குனியில் கதிர் வரும் வேளையில் வறண்ட மடையைப் பார்த்து நிற்பார். கேழ்வரகு வைத்திருந்தால் பிழைத்திருப்பார்.

செயற்கைக்கோள் வந்துவிட்டபின் கல் எதற்கு என்று கேட்போருக்கு இதுவே விடை. பிலிகுண்டுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் காவிரி நீரை இரு மாநிலங்களும் கண்கொத்திப் பாம்பாய்க் கவனிக்கின்றன. நம் ஊர் ஏரிகளில் எத்தனையில் எழுத்து மங்காத அளவுக்கல் உண்டு? இருப்பினும், வாரந்தோறும் அதைப் படித்துத் தேதியிட்டு எழுதுபவர் யார்? பார்க்காமலே எழுதிய எண் வெற்றேட்டினும் கெடுதி. எந்திரம் அப்பொய்யையும் பாடமாகக் கற்றுக்கொள்ளும்.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. ஏரி வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ள 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி தரப்படுகிறது. மானாவாரிச் செம்மண்ணுக்கு அது நல்ல உரமே. ஆயினும் மண் எடுத்த ஏரியின் அடித்தளம் மாறிவிடுகிறது. பழைய பரப்புக்குப் பழைய கொள்ளளவைக் கூறும் கணக்கு அன்றோடு செல்லாது. எனவே, எத்தனை வண்டி மண், ஏரியின் எந்தப் பகுதியில், எவ்வளவு ஆழத்துக்கு எடுக்கப்பட்டது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அவ்வப்போதே குறித்துவைத்தலும், அடுத்த மழைக்கு முன் ஏரி வறண்டிருக்கும்போதே மட்டம் பார்த்து, அளவுக்கல்லையும் சரிபார்த்தலும் வேண்டும்.