மாதவிடாய் விடுப்பு: உரிமை பெண்களுக்கு, செலவு யாருக்கு?

பணிபுரியும் பெண்களுக்கு மாதத்துக்கு ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்பு அளிக்கும் கொள்கைக்குக் கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. நவம்பரில் அரசாணை வெளியானது. 18 முதல் 52 வயது வரையிலான பெண்கள், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடின்றி ஆண்டுக்கு 12 நாள்கள் இவ்விடுப்பைப் பெறலாம். மருத்துவச் சான்று தேவையில்லை. பயன்படுத்தாத நாளை அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்ல இயலாது. தொழிற்சாலைகள், கடைகள், தோட்டங்கள் எனத் தனியார் துறைக்கும் இது பொருந்தும்.

இதை எதிர்த்து பெங்களூரு உணவக உரிமையாளர்கள் சங்கம் உயர் நீதிமன்றத்தை அணுகியது. டிசம்பரில் இடைக்காலத் தடை விதித்த நீதிமன்றம், அரசுத் தரப்பின் கோரிக்கையை ஏற்று அதே நாளில் அத்தடையைத் திரும்பப் பெற்றது.

அரசாணை செல்லுமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால், பணியிடச் சமத்துவத்தைப் பொறுத்தவரை அதனினும் அடிப்படையான கேள்வி ஒன்று உள்ளது. உடல்நலக் குறைவால் ஒரு பெண் வேலைக்கு வர இயலாத நாளின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே அது.

முப்பது ஆண்டு விவாதம்

இந்த விவாதம் புதிதன்று. பிகாரில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள்கள் சிறப்பு விடுப்பு 1992 முதலே நடைமுறையில் உள்ளது. கேரளம் 2023-இல் பல்கலைக்கழக மாணவிகளுக்கு வருகைப் பதிவில் சலுகை அளித்தது. ஒடிசா 2024 சுதந்திர தினத்தன்று மாதம் ஒரு நாள் விடுப்பை அறிவித்தது.

எதிர்ப்பும் கூடவே தொடர்ந்தது. மாதவிடாய் ஒரு குறைபாடு அன்று. அதற்கெனத் தனி விடுப்பு தேவையில்லை என்று அப்போதைய மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி 2023 டிசம்பரில் மாநிலங்களவையில் கருத்துத் தெரிவித்தார். விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு அமர்த்தவே நிறுவனங்கள் தயங்கக்கூடும் என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்தது. இது கொள்கை சார்ந்த விவகாரம் என்று கூறி, மாதிரிக் கொள்கை வகுப்பது குறித்துப் பரிசீலிக்குமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

உச்ச நீதிமன்றத்தின் கவலையைப் புறந்தள்ள இயலாது. எனினும் அக்கவலைக்குக் காரணம் விடுப்பு அன்று. அதற்கான செலவை ஏற்பாடு செய்யும் முறையே காரணம்.

மகப்பேறு விடுப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதனை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ-க்கு உட்படாத நிறுவனங்களில் அந்த 26 வார ஊதியத்தையும் முதலாளியே முழுமையாகத் தர வேண்டும். ஆணை அமர்த்தினால் இச்செலவு இல்லை. பெண்ணை அமர்த்தினால் உண்டு என்ற கணக்கு அங்கே பிறக்கிறது. சிறு நிறுவனங்களில் இக்கணக்கு மேலும் கடுமையாகிறது.

இஎஸ்ஐ வேறு வழியில் செயல்படுகிறது. ஊதியத்தில் 3.25 சதவீதத்தை முதலாளியும் 0.75 சதவீதத்தைத் தொழிலாளியும் செலுத்துகின்றனர். ஆணாயினும் பெண்ணாயினும் பங்களிப்பு ஒன்றே. மகப்பேற்றுக் கால ஊதியம் பொது நிதியிலிருந்து வழங்கப்படுவதால், பெண்ணை அமர்த்துவதால் முதலாளிக்குக் கூடுதல் பணச் சுமை ஏற்படுவதில்லை. நோயுற்ற காலத்துக்கும் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது.

ஆனால் நோயின் முதல் 2 நாள்களுக்குப் பொதுவாகப் பணப்பலன் இல்லை என்பது இத்திட்டத்தின் நெடுங்கால விதி. மாதவிடாய் வலி பெரும்பாலும் வாட்டுவது அந்த ஓரிரு நாள்களில்தான். பெண்ணின் தேவை அதிகமாக உள்ள இடத்திலேயே காப்பீடு கைவிடுகிறது.

ஸ்பெயின் 2023-இல் இயற்றிய சட்டம் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. மருத்துவர் சான்றளித்தால் விடுப்பு உண்டு. முதல் நாளிலிருந்தே அதன் செலவை அரசின் சமூகப் பாதுகாப்பு நிதி ஏற்கிறது. 1947 முதலே சட்டத்தில் இவ்வுரிமையை வைத்துள்ள ஜப்பானில், அதைப் பயன்படுத்தும் பெண்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. அந்நாளுக்கு ஊதியம் தரவேண்டும் என்ற கட்டாயம் அங்கு இல்லை. மேலதிகாரியிடம் கேட்கும் தயக்கமும் அகலவில்லை. உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று.

விடுப்பே அறியாதவர்கள்

இவ்விவாதத்தின் எல்லைக்கு அப்பால் பெருந்தொகையினர் உள்ளனர். 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, வேலை செய்யும் பெண்களில் நிரந்தர ஊதியம் பெறுவோர் சுமார் 16 சதவீதத்தினரே. ஏனையோர் சுயதொழில் செய்வோர், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உழைப்போர், அன்றாடக் கூலிகள்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களின் நிலை 2019-இல் நாட்டை அதிரவைத்தது. கணவன், மனைவி இருவரையும் ஓர் இணையாகக் கொண்டு முன்பணம் தரும் ஒப்பந்ததாரர்கள், வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் பிடித்தனர். மாநில அரசு அமைத்த குழு 82,000-க்கும் அதிகமான பெண்களிடம் ஆய்வு நடத்தியது. அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பை நீக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தனர். அனைத்துக்கும் அபராதமே காரணம் எனக் கூறிவிட இயலாது. ஆயினும், ஒரு நாள் ஓய்வுக்கும் தண்டம் கட்ட வேண்டிய வேலையில், உறுப்பை இழப்பதே மேல் என்று பலர் எண்ணும் நிலை உருவானது. அதே ஆண்டில், தமிழகத்தின் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்காகப் பெண்களுக்குப் பெயர் குறிப்பிடாத மாத்திரைகள் வழங்கப்பட்டதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வுச் செய்தி வெளிக்கொணர்ந்தது.

செய்ய வேண்டியவை

கர்நாடகத்தின் முயற்சி, ஒப்பந்தப் பெண் பணியாளர்களையும் கணக்கில் கொண்டமையால் வரவேற்கத்தக்கது. அதன் வெற்றிக்கு மூன்று துணை ஏற்பாடுகள் இன்றியமையாதவை. முதலாவது, விடுப்பின் செலவைத் தனி முதலாளியிடமிருந்து காப்பீட்டு நிதிக்கு மாற்றுதல்; இஎஸ்ஐ-யின் 2 நாள் காத்திருப்பைத் தளர்த்துவது அதற்கு நல்ல தொடக்கம். இரண்டாவது, ஆண், பெண் இருபாலருக்கும் ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பை உறுதி செய்தல்; அனைவரும் எடுக்கும் விடுப்பு எவர் மீதும் முத்திரை குத்தாது. மூன்றாவது, வேலைக்கு வராத நாளுக்கு அபராதம் பிடிக்கும் ஒப்பந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தல்.

இவை நிறைவேறாதவரை, மாதவிடாய் விடுப்பு சம்பளப் பட்டியலில் பெயருள்ள சிலரின் சலுகையாகவே நிற்கும். அச்சிலருக்கும் அடுத்த வேலை நேர்காணலில் அதுவே தடையாகக்கூடும்.