கண்ணீரை ஏளனம் செய்யாதீர்

சரித்திரத் தொடர் ஒன்று தொலைக்காட்சியில் புதிதாக ஆரம்பமாகும் போதெல்லாம் எனது நண்பர் ஒருவருக்குக் கோபம் வந்துவிடும். வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். "நீரும் இதையெல்லாம் இருந்து பார்க்கிறீரோ?" என்பதுதான் அவரது முதற் கேள்வியாக இருக்கும். உடை பிழை, ஆயுதம் பிழை, ஆண்டு பிழை என்று அடுக்கிக்கொண்டே போவார். அவற்றுட் பல நியாயமானவை. நான் மறுப்பதில்லை. ஆனால், இறுதியில் அவர் வழங்கும் தீர்ப்பைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. "நாடகம் பார்த்து அழுகிற சனத்துக்கு வரலாறு ஒருநாளும் விளங்காது" என்பார்.

இது அவர் ஒருவரின் கருத்தல்ல. கற்றோர் மத்தியில் பரவலாக உள்ள எண்ணமே. நூல் வாசித்து வருவது அறிவு, தொடர் பார்த்து வருவது வெறும் உணர்ச்சி என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவினை தவறானது மட்டுமல்ல, தீங்கானதும்கூட என்பதே எனது வாதம். அதற்குச் சாட்சியாக 1979 ஆம் ஆண்டின் மேற்கு ஜேர்மனியை அழைக்கிறேன்.

1978 ஏப்ரலில் அமெரிக்காவின் என்.பீ.சி. நிறுவனம் 'ஹொலோகோஸ்ட்' என்ற தொடரை நான்கு இரவுகளில் ஒளிபரப்பியது. பேர்லினில் வாழ்ந்த வைஸ் என்ற யூத வைத்தியரின் குடும்பம் ஒருபுறம். வேலையற்றிருந்து, மனைவியின் தூண்டுதலால் எஸ்.எஸ். படையிற் சேர்ந்து, படிப்படியாகக் கொலைத்திட்டங்களின் எழுத்தராக மாறும் டோர்வ் என்ற சட்டத்தரணி மறுபுறம். இரண்டும் கற்பனைக் குடும்பங்கள். அவற்றின் ஊடாக அறுபது இலட்சம் யூதர்களின் அழிவைச் சொல்ல முனைந்தது அந்தத் தொடர்.

கண்டனங்கள் உடனேயே எழுந்தன. அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலி வீசல், சொல்லில் அடங்காத ஒரு பேரழிவைத் தொலைக்காட்சி மலினப்படுத்திவிட்டது என்று நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். வார்சோ, பாபி யார், சோபிபோர், தெரேசியன்ஸ்ராட், அவுஷ்விட்ஸ் என எல்லா இடங்களிலும் ஒரே குடும்பத்தின் உறுப்பினர்கள் போய் நிற்பது நம்பத்தக்கதா என்று கேட்டனர் விமர்சகர்கள். கொலைக்களக் காட்சிகளுக்கு இடையே வர்த்தக விளம்பரங்கள் வந்ததும் பலரைப் புண்படுத்தியது. இவற்றில் எதையும் நான் தள்ளிவிடவில்லை. குறிப்பாக, வீசலின் வேதனைக்கு முன்னால் நாம் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும்.

ஆனால், அடுத்து நடந்ததைப் பாருங்கள்.

மேற்கு ஜேர்மனியில் இதனை ஒளிபரப்புவதா வேண்டாமா என்று ஒளிபரப்பு நிறுவனங்களுக்குள்ளேயே பெரும் தர்க்கம் மூண்டது. முடிவில், பிரதான அலைவரிசையில் வேண்டாம், பிராந்திய நிலையங்கள் நடத்தும் மூன்றாம் அலைவரிசைகளில் காட்டலாம் என்று ஒரு சமரசம் கண்டனர். முன்னோட்டமாக யூத அழிப்பைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று காட்டப்பட்ட இரவில், கொப்ளென்ஸ், முன்ஸ்ரர் நகரங்களுக்கு அருகே ஒளிபரப்புச் சாதனங்களுக்குத் தீவிர வலதுசாரிகள் குண்டு வைத்தனர். வெறும் நாடகம் என்றால் அதைக் கண்டு ஏன் இவ்வளவு அச்சம்?

1979 ஜனவரி 22 முதல் 26 வரை, நான்கு இரவுகளில் தொடர் ஒளிபரப்பாகியது. ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் அதில் ஒரு பகுதியையேனும் பார்த்தனர். ஒவ்வொரு பகுதியும் முடிந்த பின்னர் வரலாற்றாசிரியர்களும் உயிர்தப்பியோரும் கலையகத்தில் அமர்ந்து, நேயர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்தார்கள். தொலைபேசியில் வந்த அழைப்புகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். போர்முனையில் தாம் கண்டதை அதுவரை வெளியிற் சொல்லாதிருந்த முன்னாட் படைவீரர்கள் பேசினார்கள். தம் பெற்றோருக்கு இது தெரியாமலிருந்திருக்குமா என்று இளையோர் கேட்டார்கள். சிலர் அழுதார்கள். வேறு சிலர், எல்லாம் பொய் என்றும், எங்கள் நகரங்கள் மீது விழுந்த குண்டுகளை யார் பேசுவது என்றும் சீறினார்கள்.

மலிவான கண்ணீரா இது? போர் முடிந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. பிராங்பேர்ட் நகரில் 1963 முதல் 1965 வரை அவுஷ்விட்ஸ் வழக்கு நடைபெற்றது. ஆய்வுகள் வெளிவந்தன. ஆயினும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு எழவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். யூத அழிப்பைப் பற்றிய அடிப்படை ஆய்வெனப் போற்றப்படும் ராவுல் ஹில்பேர்க்கின் நூல் ஆங்கிலத்தில் 1961 இலேயே வெளிவந்தது. ஜேர்மன் மொழிக்கு அது வந்து சேர்ந்தது 1982 இல்! நூலைக் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, நாடகம் பார்த்தா அறிவு பெறுகிறாய் என்று அந்தச் சனங்களைக் கேட்க எவருக்கு உரிமை இருக்கிறது? 'டெர் ஷ்பீகல்' சஞ்சிகையே அந்த வாரம், 'வரலாற்றாசிரியர்களுக்கு ஒரு கறுப்பு வெள்ளி' என்ற பொருளில் ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டது.

அப்போது மேற்கு ஜேர்மனியின் முன்னால் ஒரு சட்டப் பிரச்சினையும் இருந்தது. கொலைக்குற்றத்துக்கு வழக்குத் தொடர்வதற்கான கால எல்லை, நாசிக் குற்றவாளிகளைப் பொறுத்தவரை அந்த ஆண்டு முடிவோடு தீரவிருந்தது. 1979 ஜூலை 3 ஆந் திகதி, 255 க்கு 222 என்ற வாக்குகளால் பாராளுமன்றம் அந்தக் கால எல்லையையே நீக்கியது. தொடர் ஒன்றே இதைச் செய்தது என்று நான் கூறமாட்டேன். அந்த விவாதம் முன்னரே நடந்துகொண்டிருந்தது. ஆயினும், அத்தனை இலட்சம் பேர் பார்த்துக் கலங்கிய அதே ஆண்டில், எல்லாம் பழைய கதை என்று கூறித் தப்புவது உறுப்பினர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. அந்த வாக்கெடுப்பின் பயனாகத்தான், அவுஷ்விட்ஸில் கணக்கராக இருந்த ஒஸ்கார் குரோனிங், 2015 இல் தமது 94 ஆவது வயதில் நீதிமன்றத்தின் முன் நின்று தண்டனைத் தீர்ப்பைக் கேட்க நேர்ந்தது.

எனது நண்பர் இங்கே குறுக்கிடுவார். "அப்படியானால் பொய்யான சரித்திரத்தைக் காட்டியும் சனத்தை அழவைக்கலாமே?" என்பார். அழவைக்கலாம். அழவைக்கிறார்கள். முன்னோரின் பெருமையைப் பாடி, அயலவன் மீது பகையை மூட்டும் தொடர்களுக்கும் கண்ணீர் சிந்துவோர் உண்டு. கண்ணீர் தன்னளவில் உண்மைக்குச் சான்றாகாது. ஆனால், ஜேர்மனியில் பயன் விளைந்தது ஏனென்று பாருங்கள். தொடர் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை. தொலைபேசியைத் திறந்து வைத்தார்கள். அறிந்தவர்களை அழைத்து வந்து அமர்த்தினார்கள். மறுத்தவர்களுக்கும் பதில் சொன்னார்கள். நாடகம் கேள்வியை எழுப்பியது. விடை சொல்லும் பொறுப்பை அறிஞர்கள் ஏற்றார்கள்.

இன்று அந்தப் பொறுப்பை ஏற்பவர் யார்? ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு நேயர் ஓர் எண்ணிக்கை மட்டுமே. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது விளம்பரதாரருக்குத் தெரிந்தாற் போதும். என்ன கேட்டார்கள் என்பது எவருக்கும் தேவையில்லை. அறிஞர்களோ பிழைப்பட்டியல் தயாரித்து, தமக்குள் வாசித்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். இடையில் நிற்கும் நேயனின் கேள்விக்கு, பகையை விற்பவன் வந்து விடை சொல்லிவிடுகிறான். பிறகு, சனங்கள் கெட்டுவிட்டார்கள் என்று புலம்பி என்ன பயன்?

இதை எழுதும் எனக்கும் ஒரு பாவக்கணக்கு உண்டு. ஆசிரியபீடத்தில் உதவி ஆசிரியனாக இருந்த நாட்களில், வானொலி நாடகங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் அஞ்சலட்டைகள் என் மேசையில்தான் வந்து குவியும். 'அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது?', 'உண்மையில் இப்படி நடந்ததா?' என்று கேட்டிருப்பார்கள். இலக்கியத்தரம் அற்றவை என்று கருதி அவற்றைக் குப்பைக்கூடையில் இட்டேன். எத்தனை அட்டைகள் என்று இன்று எனக்கு நினைவில்லை. 'உண்மையில் இப்படி நடந்ததா?' என்பதைவிட நல்ல சரித்திரக் கேள்வி ஒன்று இல்லை என்பதை உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஆகவே நண்பரே, உமது பிழைப்பட்டியலை எனக்கு வாசித்துக் காட்டியது போதும். பக்கத்து வீட்டில் அந்தத் தொடரைப் பார்த்துக் கண்கலங்கி இருக்கும் பிள்ளையிடம் போய் உட்காரும். அது கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும்.