கொடை ஏரி மீனும் என் பழைய பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மாசமாக இருக்கிறாள். "சார், கொடைக்கானல் போயிருந்தோம். ஏரியில பிடிச்ச மீனுன்னு வாங்கிட்டு வந்தோம். அந்தப் பாதரசம் இன்னும் இருக்குமா சார்? சாப்பிடலாமா?" சட்டென்று பதில் வரவில்லை. "ரெண்டு நாள் டைம் குடும்மா" என்றேன்.

அவள் வகுப்பில்தான், உடைந்த தெர்மாமீட்டர் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கச் சொன்னேன். மிச்சத்தை ஆய்வகத் தொட்டியில் கொட்டித் தண்ணீரும் விட்டேன். "உலோகம்தானே, கரையாது" என்று விளக்கம் வேறு.

கரையாதுதான். ஆனால் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது, பழைய இரும்புக்கடை ஒன்றில் பாதரசக் கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை ஊர்மக்கள் அம்பலப்படுத்திய பிறகு. ஆலை இருந்த சரிவு பாம்பார் சோலைப் பக்கம். "அப்போ ஏரிக்கு எப்படிப் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. காற்றுக்கு மேடு பள்ளம் ஏது? 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வு ஏரித் தண்ணீர், சேறு, மீன் மூன்றிலும் பாதரசத்தைக் கண்டது.

இதில் பலருக்குப் புரியாத இடம் ஒன்று உண்டு. ஏரிக்குள் விழும் பாதரசம் அப்படியே மீனுக்குள் போவதில்லை. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. அதை நுண்ணுயிர் எடுக்கும், நுண்ணுயிரைக் குட்டி மீன் தின்னும், குட்டி மீனை விரால் தின்னும். உள்ளே போவது சுலபம், வெளியேறுவது மெதுவாக. அதனால் வயதான, பெரிய, வேட்டையாடும் மீனில்தான் அதிகம் சேரும். தண்ணீரில் உள்ளதைவிடப் பல லட்சம் மடங்கு வரை! கொழுப்பில் அல்ல, சதையின் புரதத்தில் ஒட்டிக்கொள்வதால் மஞ்சள் போட்டு அலசினாலும் வறுத்தாலும் போகாது. வயிற்றுப் பிள்ளையின் மூளையைத்தான் இது முதலில் தொடும்.

"இத்தனை வருஷம் ஆச்சே, தானா சரியாகியிருக்கும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு சிறு ஏரியில் அடையாளமிட்ட பாதரசத்தை 7 வருடம் வேண்டுமென்றே சேர்த்து, பிறகு நிறுத்தினார்கள். 8 வருடத்தில் குட்டி மீன்களில் அந்தப் பாதரசம் 85 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வேட்டை மீனில் 76. இன்னொரு வகையில் வெறும் 38 சதவீதம்தான். ஆக, வரத்தை நிறுத்தினால் ஏரி தேறும். ஆனால் எல்லா மீனும் ஒரே வேகத்தில் தேறாது. கழிவுநீர் கலந்து சேற்றில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தப் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். சாக்கடையைத் தடுப்பதும் பாதரசப் பிரச்சினைதான், அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஏரி மீனை வகைவாரியாக, எடைவாரியாகச் சோதித்து, முடிவைப் படகுத்துறையில் தமிழில் பலகையாக எழுதி வைக்கட்டும். "பயப்பட ஒன்றுமில்லை" என்பதும் "எல்லாம் விஷம்" என்பதும் எனக்கு வேண்டாம். எண் வேண்டும்.

அவளிடம் சொன்னேன்: "மீனை விட்டுடாதேம்மா, பிள்ளைக்கு நல்லது. பண்ணையில வளர்ந்த ரோகு, கட்லா வாங்கு, சின்னதாப் பார்த்து. அந்த ஏரி மீனை மட்டும் இப்போ தொடாதே." ஏதோ ஒருமுறை தின்றுவிட்டால் குடி முழுகிப் போகாது என்பதையும் சொல்லிவிட்டேன், இல்லையென்றால் தூங்கமாட்டாள்.

மீன் இன்னும் அவள் வீட்டு ஃப்ரீசரில் இருக்கிறதாம். தனிநபர் கொடுத்தால் பாதரசம் சோதித்துத் தரும் ஆய்வகம் மதுரைப் பக்கம் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். கட்டணம் நான் கட்டிக்கொள்கிறேன்.