கடைசி இருபது கஜம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. ஊர் எதுவானாலும் கோல்ஃப் கிளப்பில் காட்சி ஒன்றுதான். டிரைவிங் ரேஞ்சில் நிற்க இடமில்லை. ஆளுக்கு ஒரு கூடைப் பந்து, கையில் டிரைவர். இருநூறு கஜம் தாண்டிப் பறக்கும் பந்தை நெற்றியில் கைவைத்துப் பார்த்து ரசித்துவிட்டு அடுத்த பந்து. சற்றுத் தள்ளி, சின்ன அடிகளைப் பழகுவதற்கென்றே ஒதுக்கிய கிரீனில் ஆளில்லை. மைனாக்கள் மேய்கின்றன.

அதே ஆசாமி எட்டு மணிக்கு ஆடத் தொடங்குகிறார். நானூறு கஜக் குழி. இரண்டே அடியில் பந்து கிரீனின் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. கொடி இருபது கஜத்தில். மூன்றாவது அடியில் கிளப் முதலில் மண்ணைத் தோண்ட, பந்து அரை கஜம் நகர்கிறது. நான்காவது அடி கொடியைத் தாண்டி கிரீனின் மறுகோடிக்கு ஓடுகிறது. பிறகு மூன்று பட். கார்டில் 7 என்று எழுதிக்கொள்கிறார். முதல் 380 கஜத்துக்கு இரண்டு அடி, கடைசி இருபது கஜத்துக்கு ஐந்து. இருந்தும் அடுத்த ஞாயிறு அவர் ரேஞ்சில்தான் நிற்பார்.

எஸ்.எஸ்.பி. சௌராசியாவுக்கு இந்த வியாதி வர வாய்ப்பே இருந்ததில்லை. 1978-இல் கொல்கத்தாவில் பிறந்தவர். 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் அவருடைய தந்தை புல்வெளிப் பராமரிப்பாளர். பெரிய கோச் யாரும் கிடையாது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம். உயரமும் இல்லை, தூர அடியும் இல்லை. ஆனால் கிரீனைச் சுற்றி அவர் செய்யும் வித்தையைப் பார்த்த சக ஆட்டக்காரர்கள் 'சிப்'பையும் 'பட்'டையும் அவர் பெயரோடு ஒட்டி 'சிப்பட்சியா' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். 2008-இல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ், 2011-இல் அவந்தா மாஸ்டர்ஸ், 2016-இலும் 2017-இலும் இந்தியன் ஓபன் என்று ஐரோப்பிய டூர் பட்டங்கள் நான்கு. கடைசிப் பட்டம் குர்காவ்ன் டி.எல்.எஃப். மைதானத்தில் கிடைத்தது. ஆழமான மணல் குழிகளும் மேடுபள்ளமான கிரீன்களும் பெரிய அடிக்காரர்களையே திணறடிக்கும் இடம் அது. அங்கே ஏழு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இந்திய கோல்ஃபில் இது தனிக் கதை அல்ல. 1991-இலும் 1993-இலும் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். கேடிகளுக்கும் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் முழு மைதானம் எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பது ஒரு மூலை, யாரோ கழித்துப்போட்ட ஒரு கிளப், நாலைந்து பந்துகள். கடல் கடந்தும் இதே கதைதான். ஸ்பெயினின் பெட்ரேன்யா கடற்கரையில் ஒரே ஒரு 3-அயர்னை வைத்துக்கொண்டு பந்தைத் தூக்கவும் உருட்டவும் மணலிலிருந்து எடுக்கவும் பழகிய சிறுவன்தான் பின்னாளில் ஐந்து மேஜர் பட்டங்களை வென்ற சேவே பயஸ்டெரோஸ்.

பெங்களூரின் அதிதி அசோக்கை நாடு கவனித்தது 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்ஸில். உலகத் தரவரிசையில் 200-ஆம் இடம். களத்தில் இறங்கிய 60 பேரில் தூரமாக அடிப்பதில் அவர் கடைசி வரிசை. மற்றவர்கள் சின்ன அயர்னை எடுக்கும் இடத்தில் அவர் கையில் நீளமான கிளப் இருக்கும். அந்தப் பற்றாக்குறையை நான்கு நாளும் கிரீனில் ஈடுகட்டினார். முடிவில் நான்காவது இடம். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய இருவரை விட ஓர் அடி மட்டும் கூடுதல்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு 'குட்டி ஆட்டமே எல்லாம்' என்று சொல்லக் கிளம்புபவர்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ப்ரோடி, அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை அலசி 2014-இல் ஒரு புத்தகம் போட்டார். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரான ஆட்டக்காரருக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீண்ட அடிகளிலிருந்து வருகிறது என்பது அவர் கண்டது. ரேஞ்சில் நிற்பவர்கள் முழு முட்டாள்கள் அல்ல. ஆனால் ஐம்பது வயதில், ஆபீஸ் நாற்காலியில் இறுகிப்போன இடுப்போடு, டிரைவரில் இன்னும் முப்பது கஜம் சேர்ப்பது எத்தனை பேருக்கு நடக்கும்? இருபது கஜத்திலிருந்து பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்கு இடுப்பும் தோளும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை போதும்.

பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில்? பி.ஜி.ஏ. டூர் வீரர்கள் மூன்றடி தூரத்திலிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குழியில் போடுகிறார்கள். எட்டடிக்குப் போனால் அவர்களுக்கே பாதிக்குப் பாதிதான். எட்டடியில் நிற்கும் சிப்புக்கும் மூன்றடியில் நிற்கும் சிப்புக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை அடி ஸ்கோர் போய்விடுகிறது.

சிப்பில் நடக்கும் முக்கால்வாசித் தப்பும் ஒரே இடத்தில் பிறக்கிறது. பந்தைத் தானே தூக்கிவிட வேண்டும் என்று ஆட்டக்காரர் நினைக்கிறார். மணிக்கட்டை மடக்கி, கரண்டியால் சாம்பார் அள்ளுவது போல அள்ளுகிறார். கிளப்பின் முகம் ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது. தூக்கும் வேலை அதனுடையது. வலக்கைக்காரர் என்றால் பாதங்களை நெருக்கி வைத்து, உடல் எடையில் பாதிக்கு மேல் இடது காலில் போட்டு, கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்க, தோள்களை ஊஞ்சல் போல ஆட்டினால் போதும். கிளப் கீழ்நோக்கி வந்து முதலில் பந்தைத் தொட வேண்டும், அப்புறம்தான் புல்லை. மணல் குழியில் மட்டும் இந்தச் சட்டம் தலைகீழ். அங்கே பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலைத்தான் அடிக்க வேண்டும். மணல் பந்தைச் சுமந்துகொண்டு வெளியே வரும்.

பார்க்க வேண்டியது கொடியை அல்ல, பந்து விழ வேண்டிய இடத்தை. கிரீனுக்குள் ஒரு கஜம் தள்ளி ஒரு புள்ளி. சமதளத்தில் சாண்ட் வெட்ஜில் அடித்த பந்து பறந்த அளவே உருளும், பிட்ச்சிங் வெட்ஜில் இரண்டு மடங்கு, 8-அயர்னில் மூன்று மடங்கு. தோராயக் கணக்குதான். அடியின் வேகத்தை மாற்றிக்கொண்டிருப்பதை விட கிளப்பை மாற்றுவது சுலபம். நம் மைதானங்களில் இன்னொரு சங்கதி உண்டு. நிறைய கிரீன்களில் பெர்முடா ரகப் புல். அது ஒரு பக்கமாகப் படுத்து வளரும். புல்லுக்கு எதிர்த் திசையில் சாண்ட் வெட்ஜை இறக்கினால் விளிம்பு சிக்கிக்கொள்ளும். அங்கே 8-அயர்னை எடுத்துத் தரையோடு ஓடவிடுபவர்தான் கெட்டிக்காரர்.

இனி பயிற்சி. பெரும்பாலோர் ஒரே இடத்தில் முப்பது பந்தைக் கொட்டி ஒரே கொடியை நோக்கி அடிக்கிறார்கள். இருபதாவது பந்துக்குள் எல்லாம் பிரமாதமாக விழத் தொடங்கும். அது ஏமாற்று. 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையால் மரத் தடுப்புகளைத் தட்டிவிடும் மூன்று வரிசைகளைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வரிசையாகப் பழகியது, இன்னொரு குழு மூன்றையும் கலந்து பழகியது. பழகும்போது முதல் குழுதான் முன்னால். சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் ஜெயித்தார்கள். மைதானத்திலும் ஒரே அடியை இரண்டாம் முறை அடிக்க யாரும் விடுவதில்லை.

ஆகவே ஒரே ஒரு பந்து. கிரீனைச் சுற்றி ஒன்பது இடங்கள். ஒன்று சரிவில், ஒன்று நீளப் புல்லில், ஒன்று மண் தெரியும் வெற்றுத் தரையில், ஒன்று மணலில். ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு சிப், பிறகு பந்து குழியில் விழும் வரை பட். இடத்துக்கு இரண்டு என்று 18 அடிதான் இலக்கு. முதல் நாள் 25-க்குள் முடித்தாலே பெரிய விஷயம். நோட்டில் எழுதிவைக்க வேண்டும், ஏமாற்றாமல். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்று நண்பரோடு பந்தயம் கட்டினால் இன்னும் நல்லது. கடைசி மூன்றடி பட்டில் கை லேசாக நடுங்கும். நடுங்குவதற்கும் பழக்கம் வேண்டும். 2015 அக்டோபரில் தென் கொரியாவின் இன்ச்சியானில் நடந்த பிரசிடென்ட்ஸ் கோப்பையின் கடைசி நாளில், அனிர்பன் லஹிரி 18-ஆவது குழியில் ஏறக்குறைய நாலடி பட்டைத் தவறவிட்டார். அமெரிக்க அணி 15½-14½ என்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

மழைக்காலத்தில் மைதானம் மூடியிருந்தால் விரித்த குடையைக் கவிழ்த்துப் போட்டு, பத்தடி தள்ளி மிதியடி மேல் பந்தை வைத்து சிப் அடிக்கலாம். நிஜப் பந்து வேண்டாம், பிளாஸ்டிக் பந்தே போதும். ஜன்னல் கண்ணாடியின் விலை டிரைவரின் விலையை நெருங்கிக்கொண்டிருக்கிறது.