தூணோட காலைப் புதைக்காதீங்க!

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போவீங்க. கடலூர் முதுநகர் தாண்டி, சிப்காட்டை ஒட்டி இருக்கிற குடிகாடு தொடங்கி சிதம்பரம் வரைக்கும், மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனா இன்னும் சில ஓட்டு வீடுகள் மிச்சம் இருக்கு. முன்னால திண்ணை, திண்ணை ஓரத்தில் மரத்தூண், தூணுக்கு அடியில் ஒரு கல். உங்க தாத்தா வீடே அப்படி இருக்கலாம். வீட்டில் ஒரு கல்யாணம் வருதுன்னா அங்கே முதலில் நடக்கிற வேலை என்ன தெரியுமா? திண்ணைக்குக் கிரானைட் போடுறது.

போடக்கூடாதுன்னு சொல்ல நான் வரல. பழைய தரை வெடிச்சுப் பேர்ந்து கிடக்கும்போது, தினமும் அதைப் பெருக்கித் துடைக்கிறது பாட்டிதான். ஹாஸ்டலில் உட்கார்ந்துகிட்டு "பழமையைக் காப்பாத்துங்க"ன்னு அவங்களுக்கு அறிவுரை சொல்ற தகுதி நமக்கு இல்லை. கல் தாராளமா போடட்டும். தூணைச் சுற்றி அதை எப்படிப் போடுறாங்க என்பதில்தான் என் சண்டை.

வழக்கமா நடக்கிறது இதுதான். பழைய தரையை யாரும் உடைக்கிறதில்லை. அதுக்கு மேலேயே ஒன்றரை அங்குலம் கலவை, கலவைக்கு மேலே முக்கால் அங்குலக் கல். தரை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்ந்துடும். கூரையைத் தாங்கி நிற்கிற தூணைக் கழற்ற முடியாது. அதனால கல்லை வளைவா வெட்டி, தூணை ஒட்டிச் சேர்த்து, மிச்ச இடுக்கில் வெள்ளை சிமெண்ட் அடைச்சிடுவாங்க. பார்க்கச் சுத்தமா இருக்கும். ஆனா தூணுக்கு அடியில் இருந்த கல் காணாமப் போயிடுச்சு. தூண் இப்போ ஒரு கிண்ணத்துக்குள்ள நிற்குது.

அந்த அடிக்கல்லை அழகுக்காக வைக்கல. மரம் உயிரோடு இருந்தப்போ வேரிலிருந்து தண்ணீர் ஏற்றிய நுண்குழாய்கள், அதைத் தூணா செதுக்கின பிறகும் உள்ளேதான் இருக்கு. தூணின் அடி முகத்தில் அந்தக் குழாய்களின் வாய் திறந்திருக்கும். ஈரத்தில் வைத்தால் உறிஞ்சும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால், மட்க வைக்கிற பூஞ்சைக்கு வழி திறந்த மாதிரி. கரையானுக்கும் மறைவா ஏற வசதி. அடிக்கல் தூணைத் தரை ஈரத்திலிருந்து விலக்கி, காற்று படுகிற உயரத்தில் நிறுத்துது. நனைஞ்சாலும் காய்ஞ்சிடும். காய வழி இல்லாத மரம்தான் கெட்டுப்போகும்.

"அதான் சிமெண்ட் வெச்சு அடைச்சாச்சே, தண்ணி எப்படிப் போகும்?"னு கேட்பீங்க. மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயில் காலத்தில் சுருங்கும். சிமெண்ட் அதோடு சேர்ந்து அசையாது. ஒரு கோடை போனா முடி அளவுக்கு ஒரு விரிசல் விழும். ஐப்பசி மழையும், திண்ணை கழுவுற தண்ணியும் அது வழியா இறங்கும். இறங்கினது வெளியே வராது. மேலே பெயிண்ட் பளபளன்னு இருக்க, உள்ளே அடிப்பகுதி மாவாகிக்கிட்டே இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். அப்படி இன்னொரு காற்று வர்ற ராத்திரியில், தாழ்வாரக் கூரை மொத்தமும் அந்தத் தூணை நம்பித்தான் இருக்கும். திண்ணையில் படுத்திருக்கிறது நம்ம தாத்தா.

இதுக்கு ஜப்பானில் ஒரு பழைய சாட்சி இருக்கு. ஹோர்யூஜி கோயிலின் ஐந்தடுக்கு மரக் கோபுரம் சுமார் 1,300 ஆண்டுகளா நிற்குது. அதன் நடுத்தூணை மட்டும் மண்ணுக்குள் இறக்கி நட்டிருந்தாங்க. புதைந்த பகுதி மட்கிப்போய், அந்த இடத்தில் வெறும் குழிதான் இருக்குன்னு 1926-ல் கண்டுபிடிச்சாங்க. சுற்றி இருக்கிற தூண்கள் கல் மேல் நிற்கின்றன. ஒரே கோபுரம், ஒரே மழை. கால் எங்கே இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

பழசை எடுக்காம மேல மேல போடுற பழக்கம் நம்ம ரோட்டிலும் உண்டு. ரோடு உயர உயர வீடு பள்ளமாச்சு, மழைத் தண்ணி வாசலுக்குள்ள வந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுசு போடணும்னு 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதினார். ரோட்டுக்குச் சொன்ன அதே நியாயம்தான் திண்ணைக்கும்.

அப்போ என்ன செய்யலாம்? பழைய தரையைக் கொத்தி எடுத்துட்டு, பழைய மட்டத்திலேயே புதுக் கல் போடச் சொல்லுங்க. புதுக் கல் அடிக்கல்லில் போய் முட்டி நிற்கட்டும், மரத்தைத் தொடவே வேண்டாம். அடிக்கல் தரைக்கு மேலே இரண்டு அங்குலமாவது தெரியணும். நாலடி அகலத் திண்ணைக்குத் தெருப் பக்கமா அரை அங்குலம் வாட்டம் வேணும். மெருகேற்றின கல்லைத் திண்ணைக்கு வாங்காதீங்க. சாரல் பட்டா வழுக்கும், விழுறது வயசானவங்கதான்.

ஏற்கெனவே கல் போட்டாச்சுன்னா, தூணின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்க. சுலபமா உள்ளே இறங்கினா அடி கெட்டிருக்கு. அதுக்காகத் தூணை எடுத்துட்டு கான்கிரீட் தூண் போட வேண்டியதில்லை. கூரைக்கு முட்டு கொடுத்து, கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, அதுக்கு ஈடா உயரமான கல் வைக்கலாம். அதை நீங்களா செய்யாதீங்க. அனுபவமுள்ள தச்சரைக் கூப்பிடுங்க.

தரையைக் கொத்த ஓரிரு நாள் கூலி கூடும், உண்மைதான். தேக்குத் தூண் ஒன்றைப் புதுசா வாங்க என்ன ஆகும்னு மரக்கடையில் விசாரிச்சுப் பாருங்க, அந்தக் கூலி பெரிசா தெரியாது. பக்கத்துப் புதுச்சேரியில் வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளைச் சீர்செய்து மீட்டதுக்கு 2008-ல் யுனெஸ்கோ விருதே கிடைச்சிருக்கு. நம்ம தெருவுக்கு விருது வேண்டாம். கூரை நின்னா போதும்.

மரம் எப்படி மட்குதுன்னு சிவில் பசங்க ரெண்டு மார்க்குக்குப் படிச்சு எழுதுறோம். அது உதவுற இடம் வேலை நடக்கிற திண்ணைதான். மேஸ்திரி கலவை போடுறதுக்கு முன்னாடி பக்கத்தில் போய் நின்னு, "அண்ணே, தூணோட கால் வெளியே தெரியட்டும்"னு சொல்லுங்க. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி"ன்னு சிரிப்பார். காரணத்தைப் பொறுமையா சொல்லுங்க. கல் பிடிச்சு இறுகின பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.